பந்தய வண்டிக் குதிரை: வளர்ப்போர் பெறுவதும் இழப்பதும்

குதிரைப் பந்தயம் என்றதும் சென்னை கிண்டி மைதானமும், குதிரையின் முதுகில் குனிந்து அமர்ந்த ஜாக்கியுமே பெரும்பாலோர் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால், இருசக்கர வண்டியில் பூட்டிய குதிரையைச் சாரதி ஒருவர் வாரைப் பிடித்து ஓட்டும் வண்டிப் பந்தயம், அதனின்றும் வேறான விதிகளையும் வேறான உடைமையாளர்களையும் கொண்ட ஒரு தனி உலகம். தமிழகத்தின் சிவகங்கை, மதுரை, புதுக்கோட்டை, தூத்துக்குடி முதலிய மாவட்டங்களில் கோயில் திருவிழாவையொட்டியும் பொங்கலையொட்டியும் நடைபெறும் எல்கைப் பந்தயங்களில் மாட்டு வண்டிகளோடு குதிரை வண்டிகளும் ஓடுகின்றன. ஐரோப்பாவிலோ, இவ்வகைப் பந்தயத்தின் தலைசிறந்த நாடுகளுள் ஒன்றாகப் பிரான்ஸ் விளங்குகிறது. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்து, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இந்தியாவுடன் இணைந்த புதுச்சேரியில், குறிப்பாகப் பிரான்சில் உறவினரைக் கொண்ட குடும்பங்கள் வாழும் முதலியார்பேட்டை போன்ற பகுதிகளில், இவ்விரு மரபுகளும் கேள்விப்படாதவை அல்ல. எனவே, பந்தய வண்டிக் குதிரை ஒன்றை வைத்திருப்பதால் ஒருவர் அடைவது என்ன, இழப்பது என்ன என்பதை இவ்விரு மரபுகளையும் ஒப்பவைத்துக் காண்பது பயனுடையது.

எல்கையும் ஓடுகளமும்

எல்கைப் பந்தயம் என்பது, குறித்த ஓர் ஊர் எல்லை வரை சென்று திரும்பும் வகையில் சாலையிலேயே நடத்தப்படும் ஓட்டமாகும். போக வர இத்தனை மைல் என்று விழாக் குழுவினர் தொலைவை முன்கூட்டியே அறிவிப்பர். மாடுகளில் பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவுகள் இருப்பது போலவே, குதிரைகளும் பெரிய குதிரை, சிறிய குதிரை, புதிய குதிரை என்று பிரிக்கப்படுகின்றன. திரும்பும் இடத்தில் நடப்பட்ட கொடியை முதலில் எடுக்கும் சாரதிக்குக் கொடிப் பரிசு என்று தனியே ஒரு பரிசு தரப்படுவது இப்பந்தயத்தின் சிறப்பியல்பு. முடிவில் முந்தியவர் யார் என்பதோடு, பாதி வழியில் முந்தியவர் யார் என்பதும் ஊராரால் கணக்கில் கொள்ளப்படுகிறது. கொங்குப் பகுதியில் பொள்ளாச்சி, உடுமலை வட்டாரங்களில் காங்கேயம் காளைகளைக் கொண்டு நடைபெறும் ரேக்ளா பந்தயமோ, 200 மீட்டர், 300 மீட்டர் என்ற குறுந்தொலைவில் நேரத்தை அளந்து முடிவு காண்பது. யாழ்ப்பாணத்தில் சவாரித் திடல்களில் நடைபெறும் மாட்டு வண்டிச் சவாரியும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே.

பிரான்சில் 1836-ஆம் ஆண்டு ஷெர்பூர் நகரில் தொடங்கிய பந்தயம், 1879 முதல் பாரிஸை அடுத்த வென்சென் திடலில் நிலைகொண்டு, இன்று ஒரு பெருந்தொழிலாக வளர்ந்திருக்கிறது. அங்கே குதிரை எவ்வளவு விரைந்து ஓடுகிறது என்பது மட்டுமன்றி, எந்த நடையில் ஓடுகிறது என்பதும் விதிக்கு உட்பட்டது. முன் வலக்காலும் பின் இடக்காலும் ஒருசேர, முன் இடக்காலும் பின் வலக்காலும் ஒருசேர எழுந்து படியும் பெருநடையிலேயே குதிரை ஓட வேண்டும். நாலுகால் பாய்ச்சலுக்கு மாறிவிட்டால் சாரதி உடனே அதை அடக்கிப் பழைய நடைக்குக் கொண்டுவர வேண்டும், இல்லையேல் அது போட்டியிலிருந்து விலக்கப்படும். உச்ச விரைவிலும் பாய்ந்துவிடாமல் நடை பிசகாது ஓடுமாறு ஒரு குதிரையைப் பழக்குவதற்கு ஆண்டுக்கணக்கில் பொறுமை தேவைப்படுகிறது. அப்பொறுமையின் பலனைக் கண்ணால் காண்பதே உடைமையாளரின் முதல் இன்பம் எனலாம்.

1920-இல் தொடங்கப்பெற்று, ஆண்டுதோறும் சனவரி மாதக் கடைசி ஞாயிறன்று 2,700 மீட்டர் தொலைவுக்கு நடைபெறும் பிரி தாமெரிக் பந்தயம் இவ்வுலகின் மணிமுடி போன்றது. அண்மை ஆண்டுகளில் அதன் மொத்தப் பரிசு 9 லட்சம் முதல் 10 லட்சம் யூரோ வரை இருந்துவருகிறது. இப்பந்தயத்தை 1986, 1987, 1988, 1990 ஆகிய நான்கு ஆண்டுகளில் வென்ற ஊராசி என்னும் குதிரை, பயிற்சியில் சோம்பிக் கிடந்து போட்டியில் மட்டும் எழுச்சி கொள்ளும் இயல்பினால் சோம்பேறி மன்னன் என்று பிரெஞ்சு மக்களால் செல்லமாக அழைக்கப்பட்டது. பிரெஞ்சுப் பந்தயக் குதிரைகளுக்குப் பிறந்த ஆண்டுக்குரிய எழுத்தில் தொடங்கும் பெயரே இடப்படுவதால், பெயரைக் கேட்ட அளவிலேயே வயதைச் சொல்லிவிட இயலும். 1980-இல் பிறந்த ஊராசியின் பெயர் ஓ என்ற எழுத்தில் தொடங்குவதும், 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் வென்ற இதாவ் தெ தில்லார், 2018-க்குரிய ஐ என்ற எழுத்தில் தொடங்குவதும் இம்முறைப்படியே.

வளர்ப்போர் பெறுவன

ஜாக்கி ஓட்டும் பந்தயத்தில் உடைமையாளர் பார்வையாளராகவே இருந்துவிட நேர்கிறது; ஏனெனில் குதிரையின் முதுகில் ஏறுபவரின் எடை கிலோ கணக்கில் வரையறுக்கப்பட்டிருப்பதால், உடல் பருத்தோரும் நடுவயது கடந்தோரும் அதில் இடம்பெற இயலாது. வண்டிப் பந்தயத்திலோ, எடையைச் சக்கரங்கள் தாங்குவதால், உடைமையாளரே சாரதியாக அமர்ந்து வாரைக் கையில் பிடிக்க வாய்ப்புண்டு. பிரான்சிலும் அமெரிக்காவிலும் தொழில்முறை சாராத உடைமையாளர்கள் ஓட்டுவதற்கென்றே தனிப் போட்டிகள் நடத்தப்படுகின்றன. தாமே தீனி வைத்து, தாமே தேய்த்துக் கழுவி, தாமே பழக்கிய குதிரையைத் தாமே ஓட்டி வெல்லும் பேறு வேறெந்தக் குதிரைப் பந்தயத்திலும் இவ்வளவு எளிதில் கிட்டுவதில்லை.

இரண்டாவது இன்பம், நாள்தோறும் அமையும் உறவாகும். விடியற்காலையில் கொட்டிலுக்குச் செல்லும் வளர்ப்பாளர், தீனித் தொட்டியில் முந்தைய இரவின் கொள்ளு மிச்சமிருக்கிறதா என்று முதலில் பார்க்கிறார். பின்னர் சாணத்தின் இறுக்கத்தையும் நிறத்தையும் கவனிக்கிறார். அதன்பின் முன்னங்காலின் முழங்காலுக்குக் கீழே, பின்புறமாக ஓடும் தசைநாண் மீது உள்ளங்கையை வைத்து, மேலிருந்து கீழாக மெல்ல இழுத்து வருகிறார். ஒரு காலைவிட மற்றொரு காலில் சிறிது சூடு கூடுதலாகத் தெரிந்தாலும், விரல் பட்ட இடத்தில் குதிரை காலைச் சுண்டி இழுத்தாலும், அன்றைய ஓட்டம் நிறுத்தப்படுகிறது. பேச இயலாத ஓர் உயிரின் உடல்நிலையைத் தொட்டுணர்ந்தே அறியும் இத்திறன், நூல்களில் படித்து வருவதன்று. அது கைவரப் பெற்றவர்களுக்குக் குதிரையும் தன் நம்பிக்கையைத் திருப்பித் தருகிறது.

மூன்றாவதாகச் சொல்லத் தக்கது ஊர்மதிப்பு. எல்கைப் பந்தயத்தில் வென்ற வண்டியின் உடைமையாளர் பெயர் ஒலிபெருக்கியில் ஊர்ப்பெயரோடு சேர்த்து அறிவிக்கப்படுகிறது. அடுத்த நாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் அச்சாகிறது. இன்னாருடைய குதிரை என்ற பேச்சு அடுத்த திருவிழா வரை தேநீர்க் கடைகளில் நிலைக்கிறது. பிரான்சிலும் பல குதிரைகளின் பெயரில் அவற்றை ஈன்ற பண்ணையின் பெயரும் சேர்ந்தே வழங்குவதால், வெற்றி பண்ணைக்கும் உரியதாகிறது. செலவைப் பலர் பகிர்ந்துகொள்ளும் கூட்டு உடைமையும் பல நாடுகளில் பரவியிருப்பதால், தனியொருவராக வாங்க இயலாதவரும் பத்துப் பேரோடு சேர்ந்து ஒரு குதிரையின் பங்காளியாகலாம். தமிழகத்திலும் அண்ணன் தம்பிகளோ நண்பர்களோ கூடிப் பந்தய மாடும் குதிரையும் வைத்திருப்பது புதிதன்று.

வளர்ப்போர் இழப்பன

இழப்புகளுள் முதலாவது பணம். பந்தயத்தில் பரிசு பெறுவன சில குதிரைகளே. தீனியோ எல்லாக் குதிரைகளுக்கும் எல்லா நாளும் வேண்டும். பிரான்சில், பந்தயத்தில் இறங்குமுன் ஒவ்வொரு குதிரையும் குறித்த நேரத்துக்குள் 2,000 மீட்டர் தொலைவைப் பெருநடையில் கடந்து காட்டும் தகுதித் தேர்வில் தேற வேண்டும். ஓராண்டில் பிறக்கும் குட்டிகளுள் பாதிக்கும் குறைவானவையே அத்தேர்வைக் கடக்கின்றன. குதிரையின் சூல் காலம் ஏறத்தாழ 11 மாதம் என்பதையும், குட்டி ஈன்றபின் அது ஓடத் தொடங்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும் என்பதையும் சேர்த்து எண்ணினால், ஒரு ரூபாய் வரவும் இல்லாமல் மூன்று நான்கு ஆண்டுகள் செலவழித்த பின்னரே தம் குட்டி ஓடுமா ஓடாதா என்பதை வளர்ப்பாளர் அறிய முடிகிறது என்பது விளங்கும். வட அமெரிக்காவில் வென்ற பரிசிலும் சாரதிக்கும் பயிற்சியாளருக்கும் பொதுவாக 5 விழுக்காடு வீதம் போய்விடுகிறது. தமிழகத்து எல்கைப் பந்தயத்தின் ரொக்கப் பரிசும் குத்துவிளக்கும், வண்டியையும் குதிரையையும் ஏற்றிச் செல்லும் வாகனத்தின் வாடகை, துணையாட்களின் சாப்பாடு, நுழைவுக் கட்டணம் ஆகியவற்றைக் கழித்தால் பெரும்பாலும் பெருமைக்கே மிஞ்சும்.

இரண்டாவது இழப்பு, குதிரையின் உடலமைப்பிலேயே அடங்கியுள்ள ஆபத்து. அவ்வளவு பெரிய உடலுக்குச் சிறிய இரைப்பையே அமைந்துள்ளது. மேலும், இரைப்பையின் வாயிலுள்ள தசை இறுக்கமாக மூடிக்கொள்வதால் குதிரையால் வாந்தியெடுக்க இயலாது. எனவே, அளவுக்கு மிஞ்சிய கொள்ளோ, பூஞ்சை பிடித்த வைக்கோலோ வயிற்றுக்குள் சென்றுவிட்டால் அதை வெளியேற்ற வழியின்றிச் சூலை நோய் எனப்படும் கடும் வயிற்றுவலி உண்டாகி, சில மணி நேரத்தில் குதிரை மாண்டுபோகவும் கூடும். பந்தயத்துக்கு வலுவூட்டுவதாக எண்ணித் தானியத்தைத் திடீரெனக் கூட்டுவதே இந்நோய்க்குப் பொதுவான காரணங்களுள் ஒன்று. அதே தவறு குளம்பின் உட்புறத் திசுக்களை வீங்கச்செய்து, குதிரையை நிரந்தரமாக முடமாக்கும் குளம்பழற்சிக்கும் இட்டுச்செல்கிறது. சிறு ஆணி குத்தினாலும் ரணஜன்னி தாக்கும் அளவுக்குக் குதிரை அந்நோய்க்கு எளிதில் ஆளாவதால், தடுப்பூசியைத் தவறவிடலாகாது.

மூன்றாவது, ஓடும் தரை. வென்சென் திடலின் பாதை நிலக்கரிக் கசடு பரப்பி, அதிர்வைத் தாங்குமாறு அமைக்கப்பட்டது. எல்கைப் பந்தயக் குதிரையோ தார்ச் சாலையில் மைல்கணக்கில் ஓடுகிறது. ஒவ்வொரு அடியின் அதிர்வும் குளம்பு வழியாக மூட்டுக்கும் தசைநாணுக்கும் ஏறுகிறது. அறுந்த தசைநாண் ஆற ஓராண்டு வரை ஆகலாம். ஆறிய பின்னும் அதே இடத்தில் மீண்டும் அறுபடுவது மிகுதி. குளம்பு மாதத்திற்குச் சற்றேறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை பழைய லாடத்தைக் கழற்றி, வளர்ந்த பகுதியைச் சீவிச் சமப்படுத்தி, புதிய லாடத்தை அடிக்க வேண்டும். ஆணி உணர்ச்சியற்ற வெளிச்சுவரில் இறங்க வேண்டுமே தவிர, உட்புற உயிர்த்திசுவைத் தொட்டுவிடக் கூடாது. ஜட்கா வண்டிகள் மறைந்தபின் அக்கைத்திறம் உடைய லாடக்காரர்கள் நகரங்களில் அரிதாகிவிட்டனர்.

தமிழ் மண்ணில் குதிரை வளர்ப்பின் இடர் புதியதன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரபு நாட்டிலிருந்து ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குதிரைகள் பெரும்பொருள் கொடுத்து வாங்கப்பட்டதையும், முறையான தீனியும் லாடக்காரரும் இன்மையால் ஆண்டு முடிவில் அவற்றுள் சிலவே எஞ்சியதையும் பதிவு செய்துள்ளார். கடலோர ஊர்களின் புழுக்கமும் இதனோடு சேர்கிறது: குதிரை தன் உடற்சூட்டை முதன்மையாக வியர்வையால் தணித்துக்கொள்கிறது; காற்றில் ஈரம் மிகும்போதோ வியர்வை உலர்வதில்லை. நாட்பட நாட்பட வியர்வைச் சுரப்பே நின்றுபோகும் ஒரு நோய், வெளிநாடுகளிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட குதிரைகளிடம் ஆங்கிலேயர் காலத்திலேயே கண்டறியப்பட்டது. ஆகவே, புதுச்சேரி போன்ற கடலோர நகரில் வெயிலேறிய பின் குதிரையைப் பழக்குவது அதன் உயிரோடு விளையாடுவதாகும்.

சட்டமும் ஓய்வுக் காலமும்

1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், விலங்கைத் தம் பொறுப்பில் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதன் நலனுக்குரிய எல்லா நடவடிக்கைகளையும் எடுக்க வேண்டும் என்று கடமை விதிக்கிறது. அதன்கீழ் 1965-இல் வகுக்கப்பட்ட இழுவை விலங்கு விதிகள், வெப்பம் 37 பாகை செல்சியசைக் கடக்கும் இடங்களில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை வண்டி விலங்கைப் பயன்படுத்தலாகாது என்கின்றன. 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டோடு மாட்டு வண்டிப் பந்தயத்தையும் தடைசெய்ததும், 2017-இல் தமிழகச் சட்டமன்றம் திருத்தச் சட்டம் இயற்றியதும், 2023 மே 18 அன்று அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றதும் பலரும் அறிந்தவை. அவை யாவும் காளைகளைப் பற்றியவை என்பதையும், தமிழகத் திருத்தம் ஒன்றியப் பகுதியான புதுச்சேரிக்குப் பொருந்தாது என்பதையும் குதிரை வளர்ப்போர் மனத்திற்கொள்ள வேண்டும். குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டே என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் சென்னைப் பந்தயக் கழகத்தின் வழக்கில் எழுந்தது. சாலையோரத்தில் பணம் வைத்து ஆடுவோருக்கு அது கேடயமாகாது. இதற்கு மாறாகப் பிரான்சில் 1891-ஆம் ஆண்டுச் சட்டம் பந்தயப் பணத்தை ஒழுங்குபடுத்தி, அதன் ஒரு பகுதியைக் குதிரை வளர்ப்புக்கே திருப்பியதால்தான் அங்கே இத்தொழில் வேரூன்றியது.

தொற்றுநோய் பற்றிய சட்டமும் கடுமையானது. மனிதருக்கும் பரவக்கூடிய கிளாண்டர்ஸ் என்னும் நோய் ஒரு குதிரைக்கு உறுதியானால், 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி அக்குதிரையைக் கொன்றுவிட நேரும். எவ்வளவு விலை கொடுத்து வாங்கியது என்பது அங்கே செல்லாது. ஆதலால், ஈரோடு மாவட்டம் அந்தியூரில் ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவையொட்டிக் கூடும் புகழ்பெற்ற குதிரைச் சந்தையில் வாங்கினாலும், வேறெங்கு வாங்கினாலும், இரத்தப் பரிசோதனைச் சான்றைக் கேட்டுப் பெறுவதும், புதிய குதிரையைச் சில வாரங்கள் தனியே கட்டிவைப்பதும் இன்றியமையாதன.

எல்லாவற்றினும் பெரிய கேள்வி, ஓட்டம் ஓய்ந்த பின் எழுவது. பிரான்சில் பத்து வயதுக்கு மேல் பெருநடைக் குதிரைகள் பந்தயத்தில் ஓட விதி பொதுவாக இடந்தராது. ஊராசி தன் நான்காவது வெற்றியைப் பெற்றதும் அந்தப் பத்தாவது வயதில்தான். ஓய்வுக்குப் பின் அது 2013 வரை வாழ்ந்தது. நன்கு பேணப்படும் குதிரை 25 ஆண்டுகளுக்கு மேலும் உயிர்வாழும் என்பதால், சில ஆண்டுப் புகழுக்கு ஈடாக அதைவிட நீண்ட காலம் சோறிட வேண்டிய கடனை உடைமையாளர் ஏற்கிறார். பந்தயத்துக்கு உதவாத குதிரையைக் கைமாற்றிவிட்டுத் தெருவில் திரியவிடும் வழக்கம் இருக்கும் வரை, இவ்விளையாட்டின் மீது சாட்டப்படும் கொடுமைக் குற்றச்சாட்டுக்கு வளர்ப்போரிடம் விடை இராது.

வாங்க விரும்புவோர் எண்ண வேண்டியவை

முதலியார்பேட்டையின் நெருக்கமான தெருக்களில் குதிரைக் கொட்டில் அமைப்பது எளிதன்று. வளர்ந்த குதிரை ஒன்று நாளொன்றுக்கு 15 கிலோவுக்கும் மேற்பட்ட சாணமிடுவதாலும், கோடையில் 40 லிட்டர் வரை நீர் குடிப்பதாலும், வீட்டுக் கொல்லையில் கட்டிவைக்க எண்ணுவோர் அண்டை வீட்டாரின் பொறுமையையும் தம் கிணற்றின் அளவையும் முதலில் கணக்கிட வேண்டும். நகருக்கு வெளியே நிலமுள்ளவரோடு பங்கு சேர்வதே நடைமுறைக்கு ஒத்த வழி. புதுச்சேரி குரும்பாபேட்டில் 1994-இல் நிறுவப்பட்ட ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் அருகிலிருப்பது இவ்வட்டாரத்தாருக்கு வாய்த்த நன்மை. குதிரையை வாங்கிய பின் நோய்க்கு அங்கே ஓடுவதைவிட, வாங்குமுன் கால்நடை மருத்துவரை உடன் அழைத்துச் சென்று பல்லையும் காலையும் மூச்சையும் சோதிக்கச் செய்வது அறிவுடைமை.

பரிசுப் பணத்தை நம்பிப் பந்தயக் குதிரை வாங்குவோர் பெரும்பாலும் ஏமாற்றமே அடைவர். குதிரையின் மீதுள்ள விருப்பத்தால் வாங்குவோர் பணத்தை இழந்தாலும் மனநிறைவை இழப்பதில்லை. எனவே, குதிரை ஒன்றின் விலையை விசாரிக்கும்போதே, ஒரு பரிசும் வெல்லாமல் அது முதுமை எய்தும் வரை அதன் தீனிக்கும் மருத்துவத்துக்கும் லாடத்துக்கும் ஆகும் செலவைத் தம்மால் தாங்க இயலுமா என்பதை ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்க்க வேண்டும். கூட்டுத்தொகை அச்சமூட்டுமானால், திருவிழாவன்று சாலையோரம் நின்று பிறர் குதிரையைக் கண்டு மகிழ்வதே தமக்கும் குதிரைக்கும் நல்லது.